வன்னியில் சுதந்திரவாதக் குழு ஒன்றை வளர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சில வருடங்களாக ஒரு சிறு குழுவாக இயங்கி வருகிறோம். இந்த வேலைக்குச் சம்பளம் வாங்குபவர் எங்களில் ஒருவரும் இல்லை. கமக்காரர் சிலர், ரியூசன் ஆசிரியர் ஒருவர், மோட்டார் சைக்கிள் திருத்துகிற தம்பி ஒருவர், கடை வைத்திருக்கும் இரண்டு அக்காமார், லீவுக்கு வீடு வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகள். இவ்வளவுதான். மன்னார், வவுனியாப் பக்கம் இதுபோல ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி போன் எடுக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

சுதந்திரவாதம் என்றால் என்ன? ஊரில் எப்படி விளங்கப்படுத்துகிறீர்கள்?

ஒரு மனிதரின் உடல், உழைப்பு, உடைமை, மனச்சாட்சி ஆகியவற்றுக்கு அவரே சொந்தக்காரர். மற்றவருக்குத் தீங்கு செய்யாதவரை அவரை எவரும் வற்புறுத்தக்கூடாது. அரசும் அந்த 'எவரும்' என்பதற்குள் அடக்கம். கருத்து இவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் 'தாராண்மைவாதம்' என்று படித்தது இதன் மூத்த உறவு.

ஊரில் நாங்கள் வாதத்தின் பெயரைச் சொல்லித் தொடங்குவதில்லை, காணியில் தொடங்குகிறோம். வட்டக்கச்சி, இராமநாதபுரம், முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக உழுது வருகிற வயல் இன்னும் அனுமதிப்பத்திரக் காணிதான், அதாவது அரசு பத்திரம் கொடுத்து உழ விட்ட அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அதை உங்கள் விருப்பத்துக்கு விற்க முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. வங்கிக்குப் போனால் அந்தப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். 2022 இல் சட்டம் திருத்தப்படும் வரைக்கும் பின்னுரித்தில், அதாவது அந்தக் காணி அடுத்த தலைமுறைக்குப் போகும்போது, ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. "காடு வெட்டினது ஆர், கழனியாக்கினது ஆர், பிறகு ஏன் இன்னொருவரிட்டை அனுமதி கேட்க வேணும்?" என்று கேட்டால் கதை தானாக நகரும்.

அடுத்தது 2021. அந்த வருடம் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை எடுத்தபோது காலபோக விதைப்பு முடிந்திருந்தது. கொழும்பில் எடுத்த ஒரு முடிவு வயலில் என்ன செய்யும் என்பதை அந்த மாரியில் யூரியா இல்லாமல் மஞ்சள் பூத்து நின்ற பயிரைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நாங்கள் போவதில்லை. தன் வயலுக்கு எதைப் போடுவது என்று தீர்மானிக்கிறவர் யார் என்பதே எங்கள் கேள்வி.

இது வெளிநாட்டுச் சரக்கு இல்லையா?

சுதந்திரவாதத்தின் பெயரைத் தாங்கிய கட்சி அமெரிக்காவில் 1971 இல் தொடங்கியது உண்மை. ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருடம் முந்தியே, 1959 இல், ராஜாஜி சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, அனுமதி, உரிமம், ஒதுக்கீடு என்று எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்திருக்கும் அரசை எதிர்த்தார். 1967 தேர்தலில் அந்தக் கட்சிக்கு இந்திய மக்களவையில் 44 ஆசனங்கள் கிடைத்தன. இலங்கையில் 1987 இல் சானக அமரதுங்க லிபரல் கட்சியைத் தொடங்கினார். ஆகவே தமிழருக்கும் இந்தத் தீவுக்கும் இந்த எண்ணம் அந்நியமானதல்ல.

தமிழ்த் தேசியத்துக்கு எதிரானவர்களா நீங்கள்?

இல்லை. மக்களின் காணியை இராணுவ முகாம் விடவேண்டும், இறந்தவரை நினைவுகூருவதை எவரும் தடுக்கக்கூடாது, என் மொழியில் என் அலுவலைப் பார்க்க எனக்கு உரிமை வேண்டும், அதிகாரம் கொழும்பில் குவியக்கூடாது: இவை ஒவ்வொன்றும் எங்கள் கோரிக்கைகளும்தான். வேறுபடுகிற இடமும் உண்டு. இனத்தின் பெயரால் ஒரு தனிமனிதரின் வாயை அடைப்பதையும் நாங்கள் ஏற்பதில்லை. சாதி சொல்லிக் கிணற்றையும் கோயிலையும் பூட்டுவது, 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களை இன்னும் 'வந்தவர்கள்' என்று தள்ளிவைப்பது, இவையும் எங்களுக்கு அடக்குமுறையே. இதை முதற் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். சிலர் எழும்பிப் போவார்கள். போகட்டும், பிறகு வருவார்கள்.

தொடங்குவதற்கு எத்தனை பேர் வேண்டும்?

ஐந்து பேர் போதும், ஆனால் ஐந்தும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது.

பதிவு செய்ய வேண்டுமா?

கூடிக் கதைப்பதற்குப் பதிவு தேவையில்லை. அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் சங்கம் சேரும் சுதந்திரத்தையும் தருகிறது. தேர்தல் ஆணைக்குழுவில் அரசியற் கட்சியாகப் பதிவது தூரத்து அலுவல். அதற்குப் பல வருடத் தொடர் செயற்பாட்டைக் காட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் முதல் நாளிலிருந்தே கூட்டக் குறிப்பும் கணக்கும் கொப்பியில் இருக்க வேண்டும் என்கிறோம். வங்கிக் கணக்கு ஒன்று திறக்க எழுதிய யாப்பு (குழுவின் விதிமுறைகள்), கூட்டத் தீர்மானம், கையொப்பமிடுபவர்களின் விபரம் கேட்பார்கள். யாப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். சமூக சேவை அமைப்பு என்று பதிந்துவிட்டு அரசியல் வேலை செய்யப் போகாதீர்கள். எது உங்கள் வேலையோ அதையே எழுதுங்கள். பின்னால் வரும் தலையிடிகளில் பாதி இதனால் குறையும்.

முதல் காசு எங்கிருந்து வரும்?

உங்கள் ஐந்து பேரின் பொக்கற்றிலிருந்து. தன் கையிலிருந்து நூறு ரூபா போடாதவர் மற்றவரிடம் கை நீட்ட முடியாது. முப்பது பேர் மாதம் 200 ரூபா போட்டால் 6,000 ரூபா. அச்சடித்த பற்றுச்சீட்டுப் புத்தகம், போட்டோக்கொப்பி, மண்டபம் கூட்டித் துடைப்பவருக்கு ஒரு சிறு தொகை, பிளேன்ரீ: ஒரு சிறிய குழுவின் மாதச் செலவு இதற்குள் அடங்கும். ஆரம்பத்தில் பனருக்கும் ரீசேட்டுக்கும் ஆசைப்படாதீர்கள். ரீசேட் அடித்தவுடன் குழு வளர்ந்துவிட்டது போல ஒரு மயக்கம் வரும்.

காசு சேர்க்கும் முறையை வெளியிலிருந்து படிக்க வேண்டியதில்லை, எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கோயில் திருவிழாவைப் பாருங்கள். பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பமோ ஒரு வீதியோ உபயமாக எடுக்கும். ஒருவர் தலையில் முழுப் பாரமும் விழாது, ஒருவருக்கும் முழு உரிமையும் வராது. நாங்கள் இதையே எடுத்தோம். வருடத்தைப் பன்னிரண்டு மாத உபயமாகப் பிரித்து, ஒவ்வொரு மாதச் செலவையும் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து பொறுக்கின்றன. உபயகாரரின் பெயரைக் கூட்டத்தில் வாசிப்போம். ஆனால் அந்த மாதம் யார் பேசுவது, எதைப் பேசுவது என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. இதை முதலே சொல்லிவிட வேண்டும்.

பிடியரிசி இன்னொன்று. சோறு காய்ச்சும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாகப் போட்டுவைக்கிற வழக்கம் அம்மம்மாமாருக்குத் தெரியும். கையில் காசு புரளாத வீட்டிலிருந்தும் இப்படி ஒரு பங்கு வரும். கொடுக்கிறவருக்கு அது கடனும் இல்லை, பாரமும் இல்லை. வெட்டு முடிந்த கையோடு லாண்ட்மாஸ்டரில் போய், விருப்பமானவரிடம் நெல்லாகவும் வாங்குகிறோம். மில்லில் விற்ற துண்டைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம்.

ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து கொடுப்பது என்ற உத்தியும் வேலை செய்யும். அமெரிக்காவில் சுதந்திரவாத அரசியல்வாதி ரொன் போல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராவதற்குப் போட்டியிட்டபோது, 2007 டிசம்பர் 16 அன்று அவருடைய ஆதரவாளர்கள் ஒரே நாளில் சுமார் 60 இலட்சம் டொலர் சேர்த்துக் காட்டினார்கள். அதை ஏற்பாடு செய்தது தலைமையகம் அல்ல, தொண்டர்கள். நாளையும் அவர்கள் சும்மா தெரிவு செய்யவில்லை. 1773 இல் பொஸ்டன் துறைமுகத்தில் வரிக்கு எதிராகத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய நாள் அது. எங்கள் அளவு வேறு, தொகை வேறு. ஆனால் பொருள் உள்ள ஒரு நாளைக் குறித்து, 'இந்த நாளில், இந்த வேலைக்கு, இவ்வளவு' என்று கேட்டால் 'பார்ப்பம் தம்பி' என்ற பதில் குறைகிறது.

"பங்களிப்பு" என்று கேட்டாலே சிலர் முகம் மாறுகிறதே?

மாறும். மாறுவது நியாயம். இந்த மண்ணில் பங்களிப்பு என்ற சொல்லுக்குப் போர்க்காலத்தில் மறுக்க முடியாதது என்ற அர்த்தமும் இருந்தது. காசும் கொடுத்தார்கள், பிள்ளையையும் கொடுக்க வேண்டி வந்தது. பிறகு 2009க்குப் பின் நிலைமை மறுபக்கம் திரும்பியது. தறப்பாள், சட்டி பானை, கோழிக்குஞ்சு என்று எல்லாம் இலவசமாக வந்தன, கூடவே கையொப்பமும் படமும் எடுத்தார்கள். அதற்குப் பின்னால் நுண்கடன்காரர் மோட்டார் சைக்கிளில் வாராவாரம் வந்து வாசலில் நின்றார்கள். வற்புறுத்தி எடுத்தவரையும், கொடுத்துக் கையேந்த வைத்தவரையும், கடன் கொடுத்து மானத்தை வாங்கியவரையும் கண்ட சனத்திடம்தான் நாங்கள் போகிறோம்.

ஆகவே எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது, அதை எவருக்காகவும் தளர்த்துவதில்லை. ஒருமுறை கேட்போம். இல்லை என்றால் 'சரி அம்மா' என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவோம். இரண்டாம் முறை காசுக்காக அந்த வாசலை மிதிப்பதில்லை. கொடுக்காதவரின் பெயரை எழுதிவைப்பதில்லை. அடையாள அட்டைப் பிரதி கேட்பதில்லை. வற்புறுத்தல் கூடாது என்று மேடையில் பேசுகிற ஒரு குழு வாசலில் வற்புறுத்தினால் அங்கேயே அது முடிந்தது. 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்கு மரியாதை கொடுக்கிற அரசியல் இருக்கிறது என்பதைச் சனம் முதலில் எங்கள் உண்டியலில்தான் பார்க்க வேண்டும். எங்கள் கொள்கை விளக்கம் முழுவதும் உண்மையில் அதற்குள்ளேயே இருக்கிறது.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் கேட்கலாமா?

கேட்கலாம், அவதானத்தோடு. யார் அனுப்புகிறார் என்று தெரிந்த காசாக, தனிநபரிடமிருந்து, வங்கி வழியாக வரவேண்டும். வங்கிக்கு வெளியே காசு கைமாற்றுகிற உண்டியல்காரர் மூலம் வேண்டாம். 2012 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் அரசு தடைசெய்த அமைப்புகளினதும் நபர்களினதும் பட்டியலை வர்த்தமானியில் வெளியிடுகிறது. அதில் புலம்பெயர் அமைப்புகளும் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரிடமிருந்து ஐயாயிரம் வந்தாலும் ஆபத்து அனுப்பியவருக்கு அல்ல, இங்கே இருக்கிற பொருளாளருக்கு.

தேர்தலில் நிற்கப் போகிறீர்கள் என்றால் 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டமும் வருகிறது. வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பு, அடையாளம் வெளிப்படுத்தாதவர் ஆகியோரிடமிருந்து நன்கொடை பெற முடியாது. தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும்.

என் சொந்த அபிப்பிராயம்: மொத்த வரவில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வர விடாதீர்கள். கனடாவில் இருக்கிற மாமா நல்லவராகவே இருக்கட்டும். காசு எங்கிருந்து வருகிறதோ அந்த ஊரின் கவலைகளைத்தான் குழு பேசத் தொடங்கும். இராமநாதபுரத்து வாய்க்கால் பின்னுக்குப் போய்விடும்.

கணக்கை எப்படிக் காட்டுவது?

ஒவ்வொரு கூட்டத்திலும், முதல் ஐந்து நிமிடத்தில், வாய்விட்டு வாசியுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத செலவு செலவே அல்ல. வங்கியில் மூன்று பேர் கையொப்பம், எடுப்பதற்கு இருவர் போதும்.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் வருடம் சேர்த்த காசில் நாலாயிரத்துச் சொச்சம் கணக்கில் வரவில்லை. திருட்டு இல்லை, எழுத மறந்த செலவுகள். கையிலிருந்து போட்டு மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நீண்ட நேரம் வாதிட்டோம். கடைசியில் 'கணக்கில் வராதது' என்று ஒரு வரி எழுதி, சபையில் வாசித்தோம். பின் வரிசையில் இருந்த ஒரு ஐயா எழும்பி, "இண்டைக்குத்தான் தம்பி ஒரு சங்கம் காசு துலைஞ்சதெண்டு தானா சொல்லக் கேட்கிறன்" என்றார். அடுத்த மாதம் அவரே ஒரு மூடை நெல் தந்தார்.

எந்த மாதத்தில் எதைச் செய்வது?

வயலைக் கேட்டுத் தீர்மானியுங்கள். ஒக்டோபர், நவம்பரில் காலபோக விதைப்பு, வெள்ளம் வேறு. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வெட்டு. அப்போது கூட்டம் வைத்தால் கதிரைகள்தான் கேட்டுக்கொண்டிருக்கும். காசு சேர்க்க நல்ல காலம் வெட்டு முடிந்து நெல் விற்ற பிறகு. கையில் காசு நிற்பது கொஞ்ச நாள்தான். உழவு இயந்திரக்காரன், பசளைக் கடை, அடகு என்று அது போவதற்குள் மரியாதையாகக் கேளுங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கிடைக்கிற பகுதிகளில் சிறுபோகம் உண்டு, மானாவாரிப் பகுதிகளில் அந்த மாதங்கள் ஓய்வு. ஆகவே கிளிநொச்சிக்கு ஏற்ற நாள் துணுக்காய்க்கு ஏற்காது. கரையோரத்தில் கடல்தான் கலண்டர். உயர்தரப் பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியைத் தொடவே வேண்டாம்.

எந்த நிகழ்வுக்கு ஆட்கள் வருகிறார்கள்?

பேச்சைக் கேட்க வரமாட்டார்கள். தங்கள் அலுவல் ஒன்று முடியுமென்றால் வருவார்கள்.

எங்கள் அனுபவத்தில் எல்லாவற்றையும் விடப் பலன் தந்தது 'தகவல் கேட்கும் நாள்'. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. ஞாயிற்றுக்கிழமை காலை பொதுநோக்கு மண்டபத்தில் நாலு மேசை போட்டு, எழுதத் தெரிந்த பிள்ளைகளை இருத்துவோம். சனம் தங்கள் கேள்வியோடு வரும். என் காணிக் கோவை எந்த மேசையில் நிற்கிறது? எங்கள் வீதிக்கு ஒதுக்கிய காசு எவ்வளவு, எவ்வளவு செலவானது? வயலுக்குள் வனத் திணைக்களம் எல்லைக்கல் போட்டிருக்கிறதே, எந்த வர்த்தமானியின்படி? பிள்ளைகள் கடிதமாக எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கிப் பிரதியொன்றைக் கையில் கொடுப்பார்கள். தபாலில் போடுவது அவரவர் பொறுப்பு. அதை நாங்கள் செய்து கொடுப்பதில்லை. தன் கையால் பதிவுத் தபாலில் போட்டவர், பதில் வந்ததும் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டுவார். அதைவிடப் பெரிய விளம்பரம் எந்தப் பனரும் செய்யாது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். 2025 மார்ச் கடைசியில் வடக்கில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோருவதற்கு மூன்று மாத அவகாசம் கொடுத்து, இல்லையேல் அரச காணி என்று ஒரு வர்த்தமானி வந்தது. வன்னியில் எத்தனை வீட்டில் உறுதியும் பத்திரமும் இடப்பெயர்வில் போய்விட்டன என்று உங்களுக்குத் தெரியும். எதிர்ப்பு எழுந்தது, ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசு வர்த்தமானியை மீளப்பெற்றது. அந்த மூன்று மாதத்தில் தன் காணி விபரத்தைக் கையில் வைத்திருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் நித்திரைதான்.

இரண்டாவது, சந்தை மேசை. அமெரிக்கச் சுதந்திரவாதிகள் 1980களிலிருந்து ஒரு சிறு வினாடிவினாவை வைத்து வேலை செய்கிறார்கள். பத்துக் கேள்விகள். ஐந்து தனிப்பட்ட சுதந்திரம், ஐந்து பொருளாதாரம். பதிலைக் கூட்டிப் பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று ஒரு சதுரப் படத்தில் தெரியும். அவர்களுடைய கேள்விகளை அப்படியே தமிழாக்கினால் இங்கே எடுபடாது. நாங்கள் புதிதாக எழுதினோம். வீட்டுப் பனையில் கள் இறக்க உரிமம் தேவையா? இராணுவம் ஏ9 வீதியில் தேநீர்க்கடை நடத்தலாமா? உன் நெல்லுக்கு விலை யார் குறிக்க வேண்டும்? மகள் யாரைக் கட்டுவது என்பதை யார் தீர்மானிப்பது? கடைசிக் கேள்வியில் அப்பாமார் நின்று யோசிப்பார்கள். பக்கத்தில் நிற்கிற மகள் சிரிப்பாள். அங்கே தொடங்கும் கதைதான் எங்களுக்கு வேண்டியது.

கரப்பந்தாட்டம், மாட்டுவண்டிச் சவாரி போன்றவற்றுக்குக் கூட்டம் வரும், ஆனால் விளையாட்டு முடிந்ததும் போய்விடும். காசு சேர்க்க உதவும், ஆள் சேர்க்க உதவாது.

வருகிறவர்களுக்குச் சாப்பாடு, பயணக்காசு கொடுக்க வேண்டுமா?

"வந்தா என்ன தருவியள்?" என்று நேரே கேட்பார்கள். கோபிக்காதீர்கள், நிறுவனங்கள் பழக்கியது. பிளேன்ரீயும் கச்சானும் தருவோம், காசு தரமாட்டோம் என்று நேரே சொல்லுங்கள். தூரத்திலிருந்து வருபவர்களை ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் ஏற்றி வரலாம். தேர்தல் காலத்தில் அந்தப் பிளேன்ரீயிலும் கவனம் தேவை. வாக்காளரை உபசரிப்பது தேர்தல் சட்டத்தில் குற்றம்.

கோயில் திருவிழாக்களில் வேலை செய்யலாமா?

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு நடந்தே வருகிற சனத்தைக் கண்டால் எந்த அமைப்பாளருக்கும் கை துருதுருக்கும். தாகசாந்தி வையுங்கள், மோர் ஊற்றுங்கள், துண்டுப்பிரசுரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நேர்த்தியோடு வருகிறவரின் மனத்துக்குள் நுழைய எங்களுக்கு உரிமை இல்லை. தேவாலயம், பள்ளிவாசலுக்கும் இதே நிலைப்பாடுதான்.

மக்கள் போராட்டங்களில் எங்கள் பெயரோடு கலந்துகொள்ளலாமா?

கேப்பாப்புலவு, பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி கடைசியில் தங்கள் காணியைப் பிடித்திருந்த விமானப்படை முகாமின் வாசலில் குந்தினார்கள். பிள்ளைகுட்டிகளோடு, மழையிலும் பனியிலும். மார்ச் முதலாம் திகதி தங்கள் வளவுக்குள் கால் வைத்தார்கள். இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, கடற்படை நின்ற தங்கள் தீவில் போய் இறங்கினார்கள். எந்தக் கட்சியும் அவர்களை வழிநடத்தவில்லை. சொத்துரிமை என்று நாங்கள் புத்தகத்தில் படிப்பதை அவர்கள் உடம்பால் செய்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் போங்கள், பாயில் இருங்கள், தேநீர் ஊற்றுங்கள், கடிதம் எழுத ஆள் தேவையென்றால் எழுதுங்கள். பனர் கொண்டு போகாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் இருக்கிற பந்தலில் இது இன்னும் கண்டிப்பு.

பொலிஸ், புலனாய்வுக்காரர் வந்தால்?

ஊர்வலம் போவதென்றால் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன் பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று பொலிஸ் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுங்கள். இரண்டையும் எழுத்தில் செய்து பிரதி வைத்திருங்கள்.

சிவில் உடையில் ஒருவர் வந்து பின்னால் நிற்பது இங்கே வழக்கம். கதிரை கொடுங்கள், தேநீர் கொடுங்கள். ஒளிக்க ஒன்றும் வைத்திருக்காதீர்கள். ஆனால் கலந்துகொண்டவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அதைவிடச் சிறந்தது அப்படி ஒரு பட்டியலே இல்லாமல் இருப்பது. பயந்து வராமல் நிற்பவர்களைக் குறை சொல்லாதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இலிருந்து இருக்கிற நாட்டில் பயத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

பெண்களை எப்படிச் சேர்ப்பது?

நேரத்தை மாற்றுங்கள். மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு எந்த அக்கா வருவார்? காலை பத்தரைக்கு, முன்பள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருளாளர் பதவியைப் பெண்ணிடம் கொடுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பல வருடம் கணக்கு எழுதிய கைகள் அவர்களுடையவை. தேநீர் போடுவது ஆண்களின் முறையாகவும் இருக்கட்டும்.

உதவித்தொகையை நிறுத்தச் சொல்லுவீர்களா?

அஸ்வெசும வாங்கும் வீட்டில் போய் இதை முதல் வசனமாகச் சொல்பவருக்கு மனிதர் மீதும் அன்பு இல்லை, ஒழுங்கும் தெரியாது. போரில் கணவனை இழந்தவரிடமிருந்து அரசு முதலில் எதை எடுத்தது என்று பார்ப்போம். காணி, கடல், பத்திரம். அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதுதான் எங்கள் முதல் வேலை. மற்றதைப் பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, அதை மறைப்பதில்லை.

அரசியல்வாதியோ பெரிய ஒப்பந்தக்காரரோ பெரிய தொகை தர வந்தால்?

எங்கள் யாப்பில் ஒரு தனிநபர் வருடத்துக்குக் கொடுக்கக்கூடிய தொகைக்கு உச்ச வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் எவரிடமும் வாங்குவதில்லை. வரம்பு யாப்பில் இருந்தால் 'உங்களிடம் வாங்கமாட்டோம்' என்று முகத்துக்கு நேரே சொல்லத் தேவை வராது.

தொண்டர்கள் களைத்துப் போகிறார்களே?

ஒருவருக்கு ஒரு வேலை, ஆறு மாதத்துக்கு மட்டும். பிறகு கேட்டுத்தான் நீடிக்க வேண்டும். எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளும் ஒரு அண்ணை எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை முதலில் காப்பாற்றுங்கள். அவர் விழுந்தால் குழுவும் விழும். வேலை கிடைத்துக் கொழும்புக்கோ, வெளிநாட்டுக்கோ போகிற பிள்ளைகளுக்குப் பிரியாவிடை வைத்து அனுப்புங்கள், துரோகி என்று பேசாதீர்கள். விரும்பிய இடத்தில் வாழ்வதும் நாங்கள் கேட்கிற சுதந்திரம்தானே.

எப்போது தேர்தலில் நிற்கலாம்?

அவசரம் வேண்டாம். முதலில் வரைபடத்தைப் பாருங்கள். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு. ஆறு ஆசனம். கிளிநொச்சியும் வன்னிதான், ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தோடு சேர்கிறது. எங்களைப்போல் இரண்டு பக்கமும் கால் வைத்த குழுவுக்கு இதுவே பெரிய சிக்கல். பிரதேச சபைதான் எங்கள் அளவுக்குச் சரியான இடம்: சந்தைக் குத்தகை, வீதி விளக்கு, கடை உரிமம் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன.

சுயேச்சைக் குழுவாக நின்றால் வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபா கட்டுப்பணம், பதிவு பெற்ற கட்சிக்கு 1,500. இருபத்தைந்து பேரை நிறுத்தினால் 125,000 ரூபா. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது, இடையில் பழைய வேட்புமனுக்களும் இரத்தாகின. சேர்த்த காசு முழுவதையும் கட்டுப்பணமாகக் கட்டிவிட்டு வெறுங்கையோடு இருந்தவர்களை எனக்குத் தெரியும். உங்களிடம் இருக்கும் காசில் மூன்றில் ஒரு பங்குக்குள் கட்டுப்பணம் அடங்குகிற நாள் வந்தால் யோசியுங்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒருவரும் வராவிட்டால்?

எங்களுடையதுக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். கூட்டத்தை நிறுத்தாமல் நடத்தினோம், குறிப்பு எழுதினோம், கணக்கு வாசித்தோம்: வரவு 700, செலவு 430. மழைக்கு ஒதுங்கிய இருவரில் ஒருவர்தான் இப்போது எங்கள் பொருளாளர்.